இலவச மென்பொருளுக்கு எதற்காகக் காசு வாங்குவது?

சுன்னாகத்து ஹார்ட்வெயார் கடை ஒன்றுக்கு ஓடூ என்ற, பில், கையிருப்பு பார்க்கிற வியாபார மென்பொருளைப் போட்டுக் கொடுக்கப் போனால் முதலாளி கேட்பது இதுதான்: "இது இன்ரநெற்றில சும்மா கிடக்காம். பிறகேன் தம்பி உங்களுக்குக் காசு?" நியாயமான கேள்வி. இதற்குப் பதில் இல்லாத கொம்பனிகள் விலையைக் குறைத்து வேலையைப் பிடிக்கின்றன. கட்டுப்படியாகாமல் இரண்டாம் வருஷம் கைவிடுகின்றன. கடைக்காரர் பழைய கொப்பிக்கே திரும்பிவிடுகிறார்.

கோட், அதாவது மென்பொருளின் மூலநிரல், சும்மா கிடைக்கும். பழுதானால் வந்து நிற்கிற ஆளுக்குத்தான் சம்பளம். ரெட் ஹற் என்ற அமெரிக்கக் கொம்பனி, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை வைத்து விற்றது ஆண்டுச் சந்தா: பாதுகாப்புத் திருத்தங்கள், பல வருட ஆதரவு. 2019இல் ஐபிஎம் அதை 34 பில்லியன் டொலருக்கு வாங்கியது. எங்கள் இலங்கையில் 2005இல் தொடங்கிய டபிள்யூஎஸ்ஓ2 என்ற மென்பொருள் கொம்பனியும், யாரும் எடுத்துப் பாவிக்க விடுகிற அப்பாச்சி உரிமத்தில் மூலநிரலைத் திறந்து வைத்து, ஆதரவுச் சந்தாவால் வளர்ந்ததுதான்.

ஆகவே கொட்டேஷனில் நிறுவுதல், தரவு மாற்றம், பயிற்சி, ஆண்டுப் பராமரிப்பு, சேர்வர் வாடகை என்று பிரித்தெழுதுங்கள். நேரத்தைத் தின்பது தரவு மாற்றம். பழைய எக்ஸெல் கோப்புகளில் சாமான்களின் பெயர் பாமினியில் கிடக்கும். பாமினி ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிற எழுத்துரு. ஒரே கட்டத்தில் தமிழ்ப் பெயரும் ஆங்கிலத்தில் அளவும் இருந்தால், யுனிகோட்டுக்கு மாற்றும்போது ஆங்கிலமும் தமிழாகிக் குழம்பிவிடும். இரண்டையும் முதலில் எக்ஸெலில் வேறு வேறு கொலத்துக்குப் பிரித்துவிட்டு மாற்றுங்கள். ஒரே சாமான் 'பைப்', 'பைப்பு', 'குழாய்' என்று மூன்று பெயரில் இருக்கும். எது எது ஒன்று என்று கடையில் நிற்பவருக்குத்தான் தெரியும்; அவருடைய நேரத்தையும் ஒப்பந்தத்தில் கேட்டு எழுதுங்கள்.

சேர்வர் வாடகையை டொலரில் கட்டுகிறோம். அது கொட்டேஷனில் தனியாக இருக்கவேண்டியதற்குக் காரணம் 2022. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை போனது. ரூபாவில் ஒரே தொகை என்று எழுதியிருந்தால் அப்படியான ஏற்றத்தில் பராமரிப்புக் கூலி வாடகைக்கே போய்விடும். அன்றைய டொலர் விலைப்படி என்று எழுதுங்கள்.

ஓடூ வருஷம் ஒரு புதிய பதிப்பை விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வருட ஆதரவு. ஓடூவின் சொந்த மூலநிரலில் கை வைத்தால் ஒவ்வொரு மாற்றத்தின்போதும் அதே வேலையைத் திரும்பச் செய்யவேண்டும். அதனுடன் இணைகிற தனித் துண்டாக, மொடியூலாகவே எழுதுங்கள். வரி வீதத்தையும் மூலநிரலுக்குள் எழுதக்கூடாது. 2024 ஜனவரி 1இல் வற் (பெறுமதி சேர் வரி) 15இலிருந்து 18 வீதமானது. அப்போதும் பழைய 15ஐத் திருத்தி 18 ஆக்குவது பிழை. புதிய வரியொன்றை உருவாக்கவேண்டும். டிசம்பரில் விற்ற சாமான் ஜனவரியில் திரும்பி வந்தால் பழைய வீதத்தில்தான் கழிக்கவேண்டும்.

ஓடூவின் இலவசப் பதிப்பில் பில் போடலாம், முழுக் கணக்கியல் கிடையாது. அது ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுகிற பதிப்பில் வருகிறது. இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற இன்னொரு இலவச வியாபார மென்பொருளில் கணக்கியல் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் 3, திருத்திய பிரதியைக் கடைக்குக் கொடுத்தால் மூலநிரலும் அவர்களுக்குரியது.

நீங்கள் நம்பியிருக்கிற மென்பொருளின் பதிப்புரிமை யார் கையில் என்பதையும் பாருங்கள். எலாஸ்டிக் என்ற மென்பொருள் கொம்பனி 2021இலும் ஹாஷிகோர்ப் என்ற கொம்பனி 2023இலும் தங்கள் திறந்த உரிமத்தைக் கட்டுப்பாடுள்ள உரிமமாக மாற்றின. பங்களிப்பவர்களிடம் முன்பே ஒப்பந்தம் வாங்கி வைத்திருந்ததால் அவற்றால் அது முடிந்தது. பழைய திறந்த மூலநிரலிலிருந்து மற்றவர்கள் பிரித்தெடுத்த ஓப்பன்சேர்ச், ஓப்பன்ரோஃபு என்ற கிளைகள் அதன் பிறகு வந்தவை. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் பல கொம்பனிக்காரர் சேர்ந்து எழுதுவது. ஒரு கொம்பனி நினைத்துப் பூட்ட முடியாது. ஓடூ ஓடுவதும் அதன் மேல்தான்.

இலங்கை வரிக்கான மொடியூல் எழுதினால் பூட்டி வைக்காமல் வெளியிடுங்கள். அதை மட்டும் விற்றுப் பிழைக்கிற அளவுக்கு வடக்கில் சந்தை இல்லை. வெளியிட்டால், அடுத்த வரி மாற்றத்தின்போது கொழும்பில் இருக்கிற ஒருவர் உங்களுக்கு முன்பே திருத்தி அனுப்பக்கூடும்.