5.7

மார்ச் 3, செவ்வாய்

பொட்டாசியம் 5.7. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை என்று அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறது. ஏறிக்கொண்டே போனால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று டாக்டர் சொல்லும்போது அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈசிஜி சரியாக இருந்ததால் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்க ஒரு பொடி. ஒரு வாரத்தில் மறுபடி ரத்தப் பரிசோதனை. சாப்பாட்டில் எதைக் குறைப்பது என்று கேட்டேன். டாக்டர் உருளைக்கிழங்கில் தொடங்கினார். அப்போதுதான் அப்பா திரும்பிப் பார்த்தார்.

மார்ச் 4, புதன்

நடுத்தர அளவுக் கிழங்கு ஒன்றில், 150 கிராம் என்று வைத்துக்கொண்டால், 600 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம் இருக்கிறது. நான் சாப்பிட்டால் எனக்கு நல்லது. ரத்த அழுத்தம் இறங்க உதவும், மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அப்பாவுக்குத் தள்ளுகிற இடத்தில்தான் ஆள் குறைவு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அழுத்தத்துக்காக இதே பொட்டாசியத்தைச் சேர்க்கச் சொன்னார்கள். சொன்னதில் தப்பில்லை, அப்போது எண்கள் வேறு. நானும் சொன்னதையெல்லாம் செய்தேன். ஜனவரியில் உப்பைக்கூட மாற்றினேன். ஆனாலும் யார் மீதாவது கோபப்பட வேண்டும்போல் இருக்கிறது. கிழங்குதான் கையில் அகப்பட்டது.

மார்ச் 5, வியாழன்

மூன்று மணிக்கு எழுந்து அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். குறட்டையே விடுகிறார்.

மார்ச் 6, வெள்ளி

முழுதாகத் தோலோடு வேகவைத்தால் பொட்டாசியம் ஏறக்குறைய அப்படியே உள்ளே நிற்கும். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போடுவதும் பெரிதாகப் பலன் தராது. தோல் சீவி, பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் இன்னொரு கொதி. பாதியோ அதற்குச் சற்று மேலோ போய்விடும். வைட்டமின் சியும் கூடவே போகும்.

வெந்த தண்ணீரில்தான் சத்து என்று நம்பி அதைக் கொட்டாமல் வளர்ந்தவள் நான். இப்போது கொட்டுவதற்காகவே கொதிக்கவைக்கிறேன்.

அப்பா ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். "இது உருளைக்கிழங்கு இல்லம்மா, அதோட ஆவி." உப்பும் போதவில்லையாம். சரி என்று இன்னொரு சிட்டிகை தூவினேன்.

மார்ச் 7, சனி

அலமாரியின் மூலையில் மறந்துபோன நாலு கிழங்கு. ஒன்று முளைவிட்டு, ஒரு பக்கம் பச்சை படர்ந்திருக்கிறது. பச்சை என்பது வெறும் பச்சையம், இலையில் இருப்பதுதான், அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வெளிச்சம் பட்டிருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கிறது. அதே வெளிச்சத்தில் சோலனைன், சாக்கோனைன் என்ற இரண்டு நஞ்சும் தோலில் கூடியிருக்கலாம். முளையிலும் கண்ணிலும் எப்போதுமே அதிகம். வேகவைத்தாலும் போகாது. கசந்தால் துப்பிவிட வேண்டும், அவ்வளவுதான் வழி.

1969இல் லண்டனில் ஒரு பள்ளியில் 78 பையன்கள் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வாந்தி, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டார்கள். கோடைப் பருவத்தில் மீந்து அப்படியே கிடந்த ஒரு மூட்டைக் கிழங்கின் மீதுதான் சந்தேகம் விழுந்தது. எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் நாலு தடவை படித்தேன்.

மூன்றை எறிந்தேன். பச்சையை எறிய மனம் வரவில்லை. முளை தரைக்குப் போகாமல் மேலே பார்த்து நிற்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

தலையணை உறைக்குள் சிப்ஸ் பாக்கெட். காலி.

இங்கே நான் தண்ணீர் மாற்றி மாற்றிக் கொதிக்கவைக்கிறேன்! வறுக்கும்போது கிழங்கிலிருந்து போவது தண்ணீர் மட்டும்தான், பொட்டாசியம் எங்கேயும் போவதில்லை. 100 கிராம் சிப்ஸில் 1,000 மில்லிகிராமைத் தாண்டும். கலோரி 500க்கு மேல். அதே எடை வேகவைத்த கிழங்கில் 90 தேறாது. 120 டிகிரிக்கு மேல் சூடேறும்போது உண்டாகிற அக்ரிலமைடு என்ற வேண்டாத ரசாயனம் வேறு. வறுத்த பண்டங்களில் அது இருப்பதாக ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2002லேயே சொல்லிவிட்டார்கள். இத்தனையையும் கத்திச் சொன்னேன். "அதுல எவ்வளவு உப்பு தெரியுமாப்பா?" என்று வேறு கேட்டேன்.

"பத்துத் துண்டும்மா" என்றார். எழுபத்து நாலு வயது. கத்தியிருக்கக் கூடாது.

மார்ச் 9, திங்கள்

அண்ணன் போன். எங்கெங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறான். 1928இல் வெளியான ஒரு ஆய்வில் ஒரு ஆணும் பெண்ணும் 167 நாள் ஏறக்குறைய எல்லாப் புரதத்தையும் உருளைக்கிழங்கிலிருந்தே எடுத்து நன்றாக இருந்தார்களாம். அமெரிக்காவில் கிறிஸ் வோய்ட் என்பவர் 2010இல் நாளுக்கு 20 கிழங்கு என்று 60 நாள் சாப்பிட்டு 21 பவுண்டு இளைத்தாராம். அவர் அப்போது வாஷிங்டன் மாநில உருளைக்கிழங்கு ஆணையத்தின் நிர்வாக இயக்குநராக இருந்தார் என்பதை அண்ணன் சொல்லவில்லை.

"அவங்களுக்கெல்லாம் கிட்னி வேலை செஞ்சுது அண்ணா" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், சர்க்கரைக்கு வேகவைத்து ஆறவைத்ததுதான் நல்லதாமே என்றான். அது சரிதான். ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பங்கு எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறிவிடும், சர்க்கரை அவ்வளவு வேகமாக ஏறாது. ஆனால் அப்பா ஆறினதைத் தொடமாட்டார். கூடவே இருப்பவளுக்குத்தான் அது தெரியும்.

மார்ச் 10, செவ்வாய்

ரத்தம் எடுத்தாயிற்று. முடிவு வர இரண்டு நாள் ஆகலாம்.

உணவு ஆலோசகர் ஒரு வாரச் சாப்பாட்டையும் கேட்டு எழுதிக்கொண்டார். சிப்ஸையும் சொன்னேன். இரண்டு கொதி வைக்கிற கதையைச் சொன்னதும் சந்தோஷப்பட்டார். பிறகு, "என்ன உப்பு போடுறீங்க?"

சோடியம் குறைந்தது என்றேன், பெருமையாக.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். சோடியத்தை எடுத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருப்பார்கள். மற்றவர்களின் அழுத்தத்துக்கு அது நல்ல உப்புதான். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஆகாது. வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு எழுத்தில் அப்படியே போட்டிருக்கிறது.

இரண்டு கொதியில் வடித்துக் கொட்டியதை நானே மேலே தூவிக் கொடுத்திருக்கிறேன். ஜனவரியிலிருந்து. எல்லாவற்றிலும்.

வழியெல்லாம் அப்பா ஒன்றும் பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "கெழங்கு பாவம்" என்றார்.

மார்ச் 11, புதன்

டப்பாவை மூன்று தடவை கழுவினேன். போன் வரவில்லை. பச்சைக் கிழங்கின் முளை விரல் நீளம்.

மார்ச் 12, வியாழன்

5.1. பொடியைத் தொடரச் சொன்னார்கள். பச்சையை எறிந்துவிட்டேன். நாளைக்குப் புதுக் கிழங்கில் பாதி, இரண்டு கொதி, பழையபடி சாதா உப்பு, அதுவும் அரைச் சிட்டிகை.