வாரச் சமையல் நாட்குறிப்பு: முதலில் நேரம், பிறகு பதார்த்தம்

மார்ச் 7, சனி

வாரத்துக்கான சாப்பாட்டுத் திட்டம் போட உட்கார்ந்தால் முதலில் கை எழுதுவது பதார்த்தங்களின் பெயர்களைத்தான். திங்கள் இது, செவ்வாய் அது. அந்தப் பட்டியல் புதன்கிழமையோடு நின்றுபோகும். புதன் மாலை அடுப்படியில் நிற்க ஆள் இருக்கிறதா, எத்தனை நிமிடம் இருக்கிறது என்று அது கேட்கவே இல்லையே!

ஆகவே முதலில் நேரம். ஏழு மாலைகளையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே சமைக்கக் கிடைக்கும் நிமிடத்தைக் குறிக்க வேண்டும்: 15, 30, 60. 15 நிமிட மாலையில் சூடாக்கிப் பரிமாறுவதோடு சரி. 30 நிமிடம் என்றால் வெந்த பயறோ நறுக்கிய காயோ முன்பே கையில் இருக்க வேண்டும். பச்சைக் காயிலிருந்து தொடங்கும் சமையல் 60 நிமிட நாளுக்கு மட்டும். ஒரு மாலையைக் காலியாகவே விடுங்கள். மிச்சம் மீதி தீர்வதும், திட்டம் குலைவதும் அந்த நாளில் அடங்கிப்போகும். ஏழு நாளையும் நிரப்பிய திட்டத்தில் ஒரு நாள் தவறினால் அடுத்தடுத்த நாள்களும் சரியும்.

அடுத்தது, காய் கெடும் வேகம். கீரையும் காளானும் முதல் இரண்டு மூன்று நாளில் தீர வேண்டும். பீன்ஸ், காலிஃபிளவர், குடைமிளகாய் நடுவாரத்துக்கு. முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட், பூசணி கடைசி நாள்களுக்கு. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது: சுலபம் என்று கேரட்டை முதலில் தீர்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை கீரையைக் குப்பையில் போடுகிறோம். பழுத்த வாழைப்பழம், ஆப்பிள் இவற்றின் பக்கத்தில் கீரையை வைத்தால் இன்னும் சீக்கிரம் மஞ்சளாகும்; பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுதான் காரணம்.

எவ்வளவு வாங்குவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்ன குறைந்தபட்ச அளவு, காயும் பழமும் சேர்த்து நாளுக்கு: 10 வயதும் அதற்கு மேலும் 400 கிராம், 6 முதல் 9 வயது வரை 350, 2 முதல் 5 வயது வரை 250. பெரியவர் இருவர், 8 வயதில் ஒன்று, 4 வயதில் ஒன்று என்றால் நாளுக்கு 1,400 கிராம், வாரத்துக்கு 9.8 கிலோ. உருளைக்கிழங்கு இதில் சேராது. தோலும் காம்பும் போகும் என்பதால் கொஞ்சம் கூட்டியே வாங்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று மொத்தச் சமையல். முழுப் பதார்த்தங்களாகச் செய்து அடுக்குவதைவிட, பாதி வேலை முடிந்த பொருள்களாக வைப்பதே நல்லது. உப்பு மட்டும் போட்ட வெந்த பயறு மூன்று விதமான உணவாகலாம். மசாலா சேர்த்துவிட்டால் மூன்று நாளும் ஒரே ருசி, மூன்றாம் நாள் யாரும் தொடமாட்டார்கள்.

உலர் பயறு வெந்ததும் அளவில் இரண்டரை மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு ஆகும். ராஜ்மா என்றால் கூடுதல் கவனம் தேவை. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு நல்ல கொதியில்தான் அழியும். குறைந்த சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்தில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. பயறு நுரைத்துப் பொங்கும் என்பதால் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை ஏறினால் ஆவி போகும் துளை அடைத்துக்கொள்ளும்.

சமைப்பதைவிட ஆறவைப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி பெருகும் சூடு. ஒரு பெரிய குண்டான் நிறைய வெந்த பயறை மூடி வைத்தால், மேலே கை வைத்துப் பார்க்க ஆறினமாதிரிதான் இருக்கும். கரண்டியை அடிவரை விட்டு நடுவிலிருந்து அள்ளினால் ஆவி பறக்கும். நடுப்பகுதி பல மணி நேரம் அந்த வெதுவெதுப்பிலேயே கிடக்கும். அதனால் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் அகலத் தட்டுகளில் பரப்பி, ஆவி அடங்கியதும் டப்பாவில் போட்டு, அடுப்பை அணைத்து 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட வேண்டும். வெயில் காலத்தில் 32 டிகிரிக்கு மேல் போனால் 1 மணி நேரம்தான்.

சோற்றுக்கு எந்தக் காலத்திலும் 1 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெளியே கிடக்கும் சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. "நன்றாகச் சூடாக்கிவிட்டேனே" என்பது இங்கே உதவாது. ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாளே தீர்த்துவிடுவது நல்லது.

மார்ச் 9, திங்கள்

ஒவ்வொரு டப்பாவிலும் டேப் ஒட்டி, பெயரும் தேதியும். டேப்பை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடம்பில் ஒட்டுங்கள். கழுவும்போது மூடிகள் மாறிப்போகும். சமைத்தது ஃப்ரிட்ஜில் 3 நாள் இருக்கலாம், மிஞ்சிப்போனால் 4. அதற்குள் தீராது என்று தெரிந்தால் இன்றே ஃப்ரீசருக்கு மாற்றிவிட வேண்டும். நான்காம் நாள் மாற்றிப் பயனில்லை.

மார்ச் 11, புதன்

நாளைக்கு வேண்டிய இறைச்சியை இன்று இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு இறக்க வேண்டும், அடியில் ஒரு தட்டு வைத்து. மேல்தட்டில் வைத்தால் சொட்டும் நீர் கீழே இருக்கும் சமைத்த உணவில் விழும். மறந்துவிட்டால் காற்றுப் புகாத பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் முக்கி, 30 நிமிடத்துக்கு ஒருமுறை நீரை மாற்றினால் அரைக் கிலோ சுமார் ஒரு மணி நேரத்தில் இளகும். அதை உடனே சமைத்துவிட வேண்டும். மேடைமேல் வைத்து இளக்குவது வேண்டாம்: உள்ளே கட்டியாக இருக்கும்போதே வெளிப்புறம் கிருமிக்கு ஏற்ற சூட்டுக்கு வந்துவிடும்.

ஃப்ரீசருக்கு ஒத்துவராதவை: வெள்ளரி, உருளைக்கிழங்குத் துண்டுகள், அவித்த முட்டை. உருளைக்கிழங்கு இளகும்போது நீர் விட்டு மணல் மணலாகும். குழம்பை உறையவைப்பதாக இருந்தால் கிழங்கைச் சேர்க்காமல் வைத்து, சூடாக்கும் நாளில் வேகவைத்துப் போடலாம்.

மார்ச் 12, வியாழன்

ஆள் கூடினால் எல்லாவற்றையும் அப்படியே பெருக்கக் கூடாது. திறந்த பாத்திரத்தில் 1 கப் அரிசிக்கு 2 கப் நீர் என்றால், அதே பாத்திரத்தில் 3 கப்புக்கு 6 கப் விட்டால் குழையும். அரிசி இழுக்கும் நீர் மும்மடங்காகும். ஆவியாய்ப் போகும் நீர் அப்படி ஆவதில்லை. அது பாத்திரத்தின் வாயகலத்தையும் வேகும் நேரத்தையும் பொறுத்தது. 5 கப்பில் தொடங்கிப் பாருங்கள். உப்பும் காரமும் முதலில் முக்கால் பங்கு, கடைசியில் ருசி பார்த்து மீதி.

மார்ச் 14, சனி

கடைக்குப் போகுமுன் ஃப்ரிட்ஜைத் திறந்து மீந்தவற்றை எழுத வேண்டும். எது மீந்தது என்பதோடு ஏன் மீந்தது என்றும் ஒரு சொல்: "அதிகம்", "நேரமில்லை", "பிடிக்கவில்லை". மூன்றுக்கும் மாற்று வேறு. அதிகமானால் அளவைக் குறைக்கலாம். நேரமில்லாமல் போயிருந்தால் அந்தக் காயை ஞாயிறே நறுக்கிவைக்கலாம், இல்லையென்றால் 60 நிமிட நாளுக்குத் தள்ளலாம். பிடிக்காததை அடுத்த வாரமும் அதே வடிவில் வைக்காமல், பிடித்த ஒன்றோடு சிறு பங்காகச் சேர்த்துப் பார்க்கலாம். இந்தக் குறிப்பை வாங்கும் பட்டியலுக்குப் பின்பக்கமே எழுதிக்கொண்டால் கடையில் நிற்கும்போது கண்ணில் படும்.