மங்களத்துக்குப் பின் வர்ணம்

மார்கழி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது அம்மா ஃபோன் செய்தார். "திருப்பாவை முன்னுக்குப் பின் பாடுதுடா, வந்து பாரு." சிங்கப்பூரில், தோ பாயோவில் அவருடைய மூவறை வீட்டுச் சமையலறையில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன யூஎஸ்பி பெட்டி இருக்கிறது. அதில் செருகியிருந்த தம்ப் டிரைவில், சித்தப்பா மகன் 2009இல் ரிப் செய்துகொடுத்த, அதாவது கணினி ஃபைல்களாக மாற்றிக்கொடுத்த 38 சிடிகளும் இருந்தன. எல்லாம் எம்பி3. பாட்டின் பெயர் உண்டு, சிடிக்கு ஒரு ஃபோல்டர் உண்டு. சிடியில் அது எத்தனையாவது பாட்டு என்று சொல்லும் டிராக் எண் மட்டும் ஒன்றில்கூட இல்லை. என் தம்பி முறைதான், அதனால் இதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

லேப்டாப்பில் எம்பி3டேக் இருந்தது. பாட்டு ஃபைலுக்குள்ளேயே பெயர், எண் போன்ற விவரங்களை டேக்காக எழுதிவைக்கும் மென்பொருள் அது. கன்ட்ரோலும் கேயும் சேர்த்து அழுத்தினால் தானாக எண் போடும் ஜன்னல் திறக்கும். இதில் என்ன இருக்கிறது என்று எல்லா ஃபைல்களையும் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் 1இலிருந்து தொடங்கு என்பதை டிக் செய்தேன், ஓகே கொடுத்தேன். பத்து விநாடிகூட ஆகவில்லை. பெருமையாக ஒரு கச்சேரியைப் போட்டுக் கேட்டேன். முதலில் ஆலாபனை, நடுவில் மங்களம், எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக வர்ணம்! கச்சேரி வழக்கமாக வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும். கர்நாடகக் கச்சேரி கேட்டு வளர்ந்தவருக்கு இது சாப்பாட்டைப் பாயசத்தில் தொடங்கி, மோருக்கு அப்புறம் சாம்பார் ஊற்றுவது போல. அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை.

காரணம் எளிது. அந்தக் கருவிக்கு எது முதல் பாட்டு என்று தெரியாது. திரையில் பட்டியல் எந்த வரிசையில் தெரிகிறதோ அந்த வரிசையில்தான் எண் போடும். ஆங்கில எழுத்தில் இருந்த பெயர்கள் அகரவரிசையில் நின்றன. 'எம்'மில் வரும் மங்களம் முந்திக்கொண்டது, 'வி'யில் வரும் வர்ணம் கடைசிக்குப் போய்விட்டது.

சரி, உண்மையான வரிசையை எங்கிருந்து பிடிப்பது? பாதிக்கு மேல் சிடி உறைகள் வீடு மாறும்போது தொலைந்துவிட்டன. அப்போதுதான் பட்டியலில் ஃபைல் மாற்றப்பட்ட நேரத்தைக் காட்டும் பத்தி கண்ணில் பட்டது. ரிப் செய்யும்போது சிடியின் முதல் பாட்டு முதலில் எழுதப்படும், இரண்டாவது அதற்கு ஓரிரு நிமிடம் கழித்து. ஆக, 2009ஆம் ஆண்டு நேரங்களை ஏறுவரிசையில் அடுக்கினாலே சிடியின் வரிசை திரும்பக் கிடைத்துவிடும். ஆனால் நான்தான் சற்று முன் எல்லா ஃபைலிலும் எண் எழுதிச் சேமித்து, எல்லா நேரத்தையும் இன்றைய தேதியாக்கி வைத்திருந்தேனே! அந்த மென்பொருளில் பழைய நேரத்தை அப்படியே வைத்திரு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதைப் பிறகுதான் பார்த்தேன்.

நல்லவேளை, தொடங்குவதற்கு முன் தம்ப் டிரைவை என் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்திருந்தேன். விண்டோஸில் நகலெடுத்தால் ஃபைல் உருவான தேதி புதிதாகும், மாற்றப்பட்ட தேதி பழையபடியே இருக்கும். அந்த நகலைத் திறந்து, நேரப்படி அடுக்கி, இந்த முறை ஃபோல்டர் ஃபோல்டராக எண் போட்டேன். கையில் இருந்த உறைகளோடு ஒப்பிட்டால் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம் போடச் சொன்னதையும் விடவில்லை. எழுத்தாக அடுக்கும் பெட்டிகளில் 1க்கு அடுத்து 10, 11 என்று ஓடி அப்புறம்தான் 2 வரும். 01 என்றிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அடுத்து என் ஃபோனில் ஒரு மூன்று சிடி கச்சேரியைப் போட்டேன். முதல் சிடியின் முதல் பாட்டு, இரண்டாம் சிடியின் முதல் பாட்டு, மூன்றாவதின் முதல் பாட்டு என்று தாவித் தாவிப் பாடியது. மூன்றுக்கும் ஆல்பம் பெயர் ஒன்றே. டிராக் எண் 1 மூன்று இருந்தால் ஃபோன் வேறென்ன செய்யும்? எம்பி3 டேக்கில் டிராக் எண்ணுக்கு ஓர் இடம், சிடி எண்ணுக்கு வேறோர் இடம். இரண்டிலும் 2/3 என்பது போல மொத்தத்தையும் சேர்த்து எழுதலாம். சிடி எண்ணின் இடம்தான் காலியாகக் கிடந்தது. ஃபோல்டர் பெயர்களே 'சிடி1', 'சிடி2' என்று இருந்ததால், ஃபைல் பெயரிலிருந்து டேக்குக்கு மாற்றும் வசதியில் ஃபோல்டர் பெயரையும் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். எண் தானாக வந்து உட்கார்ந்தது.

திருப்பாவைக்கு இது எதுவும் சரிவரவில்லை. அது இரண்டு சிடி. ஆனால் அதில் எண் என்பது வெறும் டிராக் எண் இல்லை, மார்கழியின் நாள். முப்பது பாசுரம், நாளுக்கு ஒன்று. இரண்டாம் சிடியின் முதல் பாட்டு 'நாயகனாய் நின்ற', அது பதினாறாம் நாளுக்கு உரியது. அதற்குப் போய் 01 என்று போட்டால் அம்மா எப்படித் தேடுவார்? அதனால் இந்த ஆல்பத்துக்கு மட்டும் ஃபோல்டர் மாறும்போது எண்ணை மறுபடி தொடங்கும் டிக்கை எடுத்துவிட்டு, சிடி எண்ணையும் அழித்துவிட்டுத் தொடர்ச்சியாகப் போட்டேன். கடைசி எண் 31 என்று வந்தது.

முதல் சிடியில் 'மார்கழித் திங்கள்' வருவதற்கு முன் தனியன், அதாவது பாசுரத்துக்கு முன்னால் சொல்லும் வணக்கச் செய்யுள், ஒரு தனி டிராக்காக இருந்திருக்கிறது. அதனால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போய்விட்டது. தனியனுக்குப் பூஜ்யம் கொடுக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் பூஜ்யத்தை 'எண் இல்லை' என்று எடுத்துக்கொள்ளும் ப்ளேயர்கள் உண்டு. அம்மாவிடம் கேட்டேன். "தனியன் தினமும் முதல்ல சொல்லணும்டா, அதை ஏன் வரிசையில வைக்கிற?" என்றார். நியாயம்தான். தனியனைத் தனி ஃபோல்டருக்கு அனுப்பி மறுபடி எண் போட்டேன். 16ஐத் திறந்தேன், 'நாயகனாய் நின்ற'. 30இல் 'வங்கக் கடல்'.

இத்தனைக்கும் பிறகு சமையலறைப் பெட்டி பழையபடியே உளறியது. அது டேக்கையே படிப்பதில்லையாம்! ஃபைல் பெயரையும் பார்ப்பதில்லை. தம்ப் டிரைவில் எந்த ஃபைல் முதலில் பதிவானதோ அதிலிருந்து பாடும், மலிவான பெட்டிகள் பல இப்படித்தான். டேக்கில் இருந்த எண்ணை ஃபைல் பெயரின் முன்னால் வரச் செய்து, தம்ப் டிரைவை ஃபார்மட் செய்து, தனியனையும் முப்பது பாசுரத்தையும் ஒவ்வொன்றாக, வரிசை தவறாமல் நகலெடுத்தேன். மொத்தமாக இழுத்துப் போட்டால் எது முதலில் போகும் என்று சொல்ல முடியாது. மீதி ஃபோல்டர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை. தம்ப் டிரைவின் பட்டியலையே வரிசைப்படுத்தும் ஒரு சிறு இலவசக் கருவியைப் பிடித்தேன்.

மார்கழி முதல் நாள் விடியற்காலை ஐந்தரை. வெளியே நல்ல மழை. பெருமாள் கோயிலுக்குப் பிறகு போகலாம் என்று அம்மா பெட்டியைப் போட்டார். தனியன், அப்புறம் 'மார்கழித் திங்கள்'. அது முடிந்ததும் பெட்டி தயங்காமல் 'வையத்து வாழ்வீர்காள்' என்று அடுத்த நாளுக்குப் போனது.

"நாளைக்குத்தானே இது?" என்று அம்மா என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவரே போய் நிறுத்தினார்.