10 மீட்டர் ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) பயிற்சி ரேஞ்ச்: சேருமுன் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தரை. பக்கத்து லேனில் ஒருவர் நடந்தால் உங்கள் காலுக்கு அதிர்வு தெரியக் கூடாது. டார்கெட்டின் நடுவில் பத்து மதிப்பெண் தரும் புள்ளி வெறும் 0.5 மி.மீ.; பலகை மேடை லேசாக ஆடினாலே குண்டு ஒன்பதுக்கோ எட்டுக்கோ போய்விடும்.

டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு), அறையில் 300 லக்ஸ் வெளிச்சம் வேண்டும். டார்கெட்டை மட்டும் பளிச்சென்று வைத்து அறையை இருட்டாக விட்டால் கண் சீக்கிரம் களைத்துப்போகும். டார்கெட் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர், இதை டேப் வைத்தே அளந்துவிடலாம்.

பலர் கவனிக்காதது ஈயத் தூசி. 4.5 மி.மீ. ஈயக் குண்டு இரும்புத் தகட்டில் மோதி நசுங்கும்போது நுண்தூள் தெறித்து டார்கெட் பெட்டியைச் சுற்றிப் படியும். துடைப்பத்தால் பெருக்கினால் அது மூச்சில் ஏறும். ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். காற்று சுடுபவரின் முதுகுப்பக்கமிருந்து டார்கெட்டை நோக்கிப் போய் வெளியேற வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவ இடமில்லாத ரேஞ்சில் பிள்ளைகளைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

துப்பாக்கியின் காற்று சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு மெதுவாக நிரப்புகிறார்களா என்றும் பாருங்கள். அவசரப்பட்டால் சூடேறி, ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். யாராவது டார்கெட் பக்கம் போகுமுன் ஒவ்வொரு துப்பாக்கிக் குழலிலும் பளிச்சென்ற நிறத்தில் பாதுகாப்புக் கயிறு நுழைந்திருக்க வேண்டும்.