அங்கிள் என்றால் யார்?

விடைத்தாள் திருத்தும்போது சிரிப்பு வந்தால் பக்கத்து மேஜைக்காரர்களுக்கும் படித்துக் காட்டுவது எங்கள் துறையில் வழக்கம். அந்த வருடம் நான் படித்துக் காட்டிய வரி இது: "கேதரின் ராணியின் மருமகன் ஐந்தாம் சார்லஸ் தன் மாமியாருக்காக ரோம் நகரத்தைப் பிடித்தான்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஐந்துக்கு ஒன்றரை போட்டேன். அடுத்த தாளிலும் மாமியார். அதற்கடுத்ததிலும் மாமியார். ஏழெட்டுத் தாள் தாண்டிய பிறகுதான் உறைத்தது, அந்த மாமியாரை வகுப்புக்குள் கூட்டிவந்ததே நான்தான்.

தமிழ்வழி இளங்கலை வரலாற்றில் இங்கிலாந்து வரலாறு என் பாடம். நான் படித்தது ஆங்கிலவழியில். அதனால் முதல் சில வருடங்கள், ராத்திரி ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் எழுதி, காலையில் வகுப்பில் அதை அப்படியே சொல்லி எழுத வைப்பேன். நெஃப்யூ என்று வந்த இடத்திலெல்லாம் மருமகன். அங்கிள் என்று வந்த இடத்திலெல்லாம் மாமா. கசின் என்று வந்தால் ஒன்றுவிட்ட சகோதரர். பிள்ளைகள் மருமகன் என்ற சொல்லைப் பார்த்தார்கள், மாமியாரைத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு?

அது உள்மதிப்பீட்டுத் தேர்வுதான் என்பதால் தாள்களை மறுபடி எடுத்து மதிப்பெண்ணைத் திருத்த முடிந்தது. அன்று ராத்திரி ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அரசவையில் யார் யாருக்கு என்ன முறை என்று போட ஆரம்பித்தேன். வருடக்கணக்கில் பாடம் எடுத்தும் எனக்குப் பிடிபடாத சில விஷயங்கள் அந்தக் காலண்டர் தாளில்தான் பிடிபட்டன.

முதலில் சார்லஸ். புனித ரோமானியப் பேரரசர், ஸ்பெயினுக்கும் அரசர். அவருடைய அம்மா யுவானா, ஹென்றியின் முதல் மனைவி கேதரினுக்கு அக்கா. அப்படியானால் கேதரின் அவருக்குச் சித்தி. அக்கா மகன் ஒரு பெண்ணுக்கு மருமகன் ஆவதில்லை, மகன்தான் ஆவான். இந்த ஒரு சொல்லைத் திருத்தியதும் 1527 தானாகவே விளங்கிவிட்டது. அந்த வருடம்தான் ஹென்றி, கேதரினோடு செய்துகொண்ட திருமணம் செல்லாது என்று போப்பிடம் தீர்ப்பு வாங்க முயற்சியைத் தொடங்கினார். அதே வருடம் மே மாதம் சம்பளம் கிடைக்காத சார்லஸின் படை ரோமில் புகுந்து சூறையாடியது. போப் ஏழாம் கிளமென்ட் சாந்த் ஆஞ்சலோ கோட்டைக்குள் ஒளிந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடம் வகுப்பில் இதைச் சொல்லி, "போப் என்ன செய்வார்?" என்று கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து உடனே பதில் வந்தது: "சித்தியைத் தள்ளிவைக்கிறதுக்கு அந்தப் பையன் கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது எப்படி மேம் கையெழுத்துப் போடுவாரு?" நான் இரண்டு பக்கத்துக்கு எழுதிவைத்திருந்த காரணங்களை அன்று படிக்கவே இல்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்த ஒன்றரை மதிப்பெண் பையன் முழுக்கத் தப்பாகவும் எழுதிவிடவில்லை. 1522இல் சார்லஸுக்கும் கேதரினின் மகள் மேரிக்கும் நிச்சயம் செய்தார்கள். மேரிக்கு அப்போது ஆறு வயது. அந்தக் கல்யாணம் நடந்திருந்தால் கேதரின் அவருக்கு உண்மையிலேயே மாமியார் ஆகியிருப்பார். வகுப்பில் இதைச் சொன்னால் பெண் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அக்கா தங்கை பிள்ளைகள் நமக்கு அண்ணன் தங்கை அல்லவா? ஐரோப்பிய அரச குடும்பங்களுக்கு அது ஒரு தடை மட்டுமே. போப்பிடம் விலக்கு வாங்கினால் தடை தீர்ந்தது. சார்லஸ் கடைசியில் மேரியை விட்டுவிட்டு 1526இல் போர்ச்சுகல் இளவரசி இசபெல்லாவைக் கட்டினார். அவரும் இன்னொரு சித்தியின் மகள்தான்.

ஹென்றியின் வழக்கே முறை பற்றிய வழக்குதான். கேதரின் முதலில் ஹென்றியின் அண்ணன் ஆர்தரின் மனைவி. 1501இல் கல்யாணம், 1502இல் ஆர்தர் இறந்துபோனார். போப் இரண்டாம் ஜூலியஸ் கொடுத்த விலக்கின் பேரில் 1509இல் ஹென்றி அண்ணியை மணந்தார். இருபது வருடம் ஆகப்போகிற நேரத்தில், ஒரே ஒரு பெண் குழந்தை மட்டும் தங்கியிருக்க, லேவியராகமத்தில் சகோதரன் மனைவியைச் சேர்ப்பவர்கள் பிள்ளையற்றுப் போவார்கள் என்று இருப்பது அவர் கண்ணில் பட்டது. ஆனால் உபாகமம், பிள்ளையில்லாமல் இறந்த அண்ணனின் மனைவியைத் தம்பி சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இந்த இரண்டு வசனங்களையும் நான் கரும்பலகையில் எழுதியபோது வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "அண்ணி அம்மா மாதிரி மேம், பாவம் அது" என்றாள் ஒருத்தி. "எங்க தாத்தா அவங்க அண்ணன் செத்ததும் எங்க ஆச்சியைத்தான் கட்டினாரு, அதுல என்ன பாவம்?" என்றான் இன்னொருவன். பல்கலைக்கழகங்களின் இறையியல் அறிஞர்களிடம் ஹென்றி ஆள் அனுப்பிக் கருத்துக் கேட்டபோது நடந்த சண்டையும் இதே சண்டைதான்.

இங்கே இன்னொரு சொல்லையும் திருத்த வேண்டியிருந்தது. எங்கள் கையேடுகள் எல்லாம் ஹென்றி விவாகரத்து கேட்டார் என்றே எழுதும். அவர் கேட்டது விவாகரத்து இல்லை. அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்ற தீர்ப்பு. 1533 மே மாதம் பேராயர் கிரான்மர் அதைக் கொடுத்தார். ரோமுக்கு மேல்முறையீடு போகாதபடி நாடாளுமன்றம் அதற்கு முன்பே சட்டம் போட்டு அடைத்துவிட்டது. அடுத்த வருடம் இங்கிலாந்துத் திருச்சபைக்கு அரசரே தலைவர் என்ற சட்டம். அதை ஏற்க மறுத்த தாமஸ் மோரும் பிஷப் ஃபிஷரும் 1535இல் தலையை இழந்தார்கள்.

சரி, அங்கிளுக்கு வருகிறேன். ஆங்கிலப் புத்தகங்களில் நார்ஃபோக் கோமகன் தாமஸ் ஹோவர்ட், ஹென்றியின் இரண்டாவது மனைவி ஆன் பொலினின் அங்கிள் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை வரும். அதே ஆள் சில பக்கங்கள் தள்ளி ஐந்தாவது மனைவி கேதரின் ஹோவர்டுக்கும் அங்கிள். காலண்டர் தாளில் கோடு போட்டபோதுதான் கவனித்தேன். ஆனின் அம்மா, நார்ஃபோக்கின் தங்கை. ஆக, ஆனுக்கு அவர் தாய்மாமன். கேதரின் ஹோவர்டின் அப்பா, நார்ஃபோக்கின் தம்பி. ஆக, அவளுக்கு அவர் பெரியப்பா. முதல் பெண் அவருக்கு மருமகள், இரண்டாவது பெண் மகள். 1536 மே 15 அன்று லண்டன் கோபுரக் கோட்டையில் ஆன் மீது விசாரணை நடந்தபோது தலைமை வகித்து, எரிக்கவோ தலையை வெட்டவோ அரசர் விருப்பம் என்று தண்டனையை வாசித்தவர் இந்த நார்ஃபோக். வகுப்பில் "தாய்மாமன்" என்று சொல்லி நிறுத்தினேன். ஒரு சத்தமும் இல்லை. சீர் கொண்டுவர வேண்டிய ஆள், காது குத்தும்போது மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய ஆள். அங்கிள் என்று நான் படித்த வருடங்களில் எனக்கு அந்த அதிர்ச்சி ஒரு தடவைகூட வந்ததில்லை.

தாய்மாமன் என்ற நம் பாசத்தை அவர்கள் மேல் ஏற்றிவைப்பது சரியா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதினாறாம் நூற்றாண்டு ஆங்கிலேயருக்கு அந்த உறவு நம்மளவுக்குக் கனமானது இல்லை. ஆனால் அவர்களும் குடும்பமாகத்தான் அரசவையில் ஏறினார்கள், குடும்பமாகத்தான் விழுந்தார்கள். நார்ஃபோக்கின் மற்ற முறைகளையும் போட்டுப் பார்த்தால் இது தெரியும். அவருடைய முதல் மனைவி, ஹென்றியின் அம்மாவுக்குத் தங்கை. எனவே அரசருக்கே அவர் சித்தப்பா முறை. அப்புறம் 1533இல் அவருடைய மகளை ஹென்றியின் மணமாகாத உறவில் பிறந்த மகன் ஃபிட்ஸ்ராய்க்குக் கட்டிக்கொடுத்தார்கள். எனவே சம்பந்தி. இந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாததாலோ என்னவோ, நான் படித்த புத்தகங்களில் இது அழுத்திச் சொல்லப்படவே இல்லை. ஒரே ஆள் அரசருக்குச் சித்தப்பா, சம்பந்தி, கேதரின் ஹோவர்ட் வழியாக மாமனார் முறை.

நான் முன்பு ஒரு தனியார் கல்லூரியில் இருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரியாமல் ஒரு ஆய்வகச் சாவிகூட வாங்க முடியாது. பேருந்துப் பொறுப்பாளர் செயலாளரின் சகலை. இது தெரியாமல் பேருந்து தினமும் தாமதமாக வருகிறது என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த பருவத்தில் என் வகுப்பு நேரமெல்லாம் மதியம் இரண்டு மணிக்கு மேல் போய்விட்டது. ஹென்றியின் அரசவை எனக்குப் புரிந்த வேகத்துக்கு அந்தக் கல்லூரிக்கும் ஒரு பங்கு உண்டு.

முறை இல்லாமல் அரசவையில் மேலே வந்து, ஹென்றியின் முதன்மை அமைச்சர்களானவர்கள் இரண்டு பேர். கர்தினால் உல்சி இப்ஸ்விச் நகரத்துக் கசாப்புக்காரரின் மகன். தாமஸ் குரோம்வெல் பட்னியில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவரின் மகன். உல்சி விழுந்தபோது அவருக்காகப் பேச ஒரு மச்சான்கூட இல்லை. குரோம்வெல் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். 1537இல் தன் மகன் கிரிகரிக்கு, அப்போதைய ராணி ஜேன் சீமோரின் தங்கையை மணமுடித்தார். வகுப்பில் இதைக் கோடு போட்டுக் காட்டியதும் ஒரு பையன் எழுந்தே விட்டான்: "அப்போ கொல்லன் பேரனும் ராஜாவும் சகலையா மேம்?" ஆமாம், சகலை. ஜேன் அந்த அக்டோபரில் பிள்ளை பெற்ற பன்னிரண்டாம் நாள் இறந்துபோனார். 1540 ஜூலை 28 அன்று குரோம்வெல்லின் தலை போனது. அன்றைக்கே ஹென்றி, நார்ஃபோக்கின் தம்பி மகளைக் கட்டினார். கிரிகரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே டிசம்பரில் பிரபு பட்டமே கிடைத்தது.

குரோம்வெல் விழக் காரணமானது அவர் பேசிமுடித்த ஹென்றியின் நான்காவது திருமணம். அந்த மணப்பெண் கிளீவ்ஸ் ஆன் கதையை மாணவர்கள் விரும்பிக் கேட்பார்கள். திருமணம் செல்லாது என்று ஆறு மாதத்தில் முடித்து, அந்தப் பெண்ணுக்கு வீடும் வருமானமும் கொடுத்து, இனி நீ என் தங்கை என்று அறிவித்தார் ஹென்றி. மனைவி தங்கையானார்! அதே 1540இல் இன்னொரு சட்டமும் வந்தது. வேதம் தடுக்காத எந்த உறவிலும் மணம் செய்யலாம், அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகளுக்குள்ளும் செய்யலாம் என்று. காரணம் எளிது. புதுப்பெண் கேதரின் ஹோவர்ட், வெட்டுப்பட்ட ஆன் பொலினுக்கு மாமன் மகள். நம் பிள்ளைகளுக்கு மாமன் மகள், அத்தை மகள் என்றால் சரி, சித்தப்பா மகளும் சரி என்றால் சட்டம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

முறைக் கணக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மடாலயங்களை மூடிய கதையில் உறவு வேலைக்கு ஆகாது, அங்கே கணக்குப் பேரேடுதான் பேசும். 1535இல் திருச்சபைச் சொத்துகளை ஆள் வைத்து மதிப்பிட்டார்கள். 1536இல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் கீழே இருந்த மடங்கள் போயின. 1540க்குள் மீதி எல்லாம். நிலங்கள் விற்கப்பட்டு ஊர் ஊராகக் கைமாறின. பிற்பாடு மேரி ராணியானபோது போப்பைத் திரும்பக் கொண்டுவர முடிந்தது, அந்த நிலங்களைத் திரும்ப வாங்க முடியவில்லை. மதம் என்று பார்த்தால் ஹென்றி எந்தப் பக்கம் என்று சொல்வது கஷ்டம். 1521இல் மதச் சீர்திருத்தக்காரர் லூதரை எதிர்த்து எழுதியதற்காகப் போப் கொடுத்த "நம்பிக்கையின் காவலர்" பட்டத்தைக் கடைசிவரை விடவில்லை. 1539இல் ஆங்கில பைபிளைக் கோயில்களில் வைத்தார். அதே வருடம் குருமார்கள் மணம் செய்யக்கூடாது என்று சட்டம் போட்டார். அரசரின் திருமணங்களையெல்லாம் முடிச்சுப் போட்டும் அவிழ்த்தும் கொடுத்த கிரான்மர், தான் ரகசியமாகக் கட்டிய மனைவியை ஜெர்மனிக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. குரோம்வெல் இறந்த இரண்டு நாளில் ஸ்மித்ஃபீல்டில் மூன்று சீர்திருத்தக்காரர்களை எரித்தார்கள், மூன்று கத்தோலிக்கர்களைத் தூக்கில் போட்டார்கள். ஒரே இடம், ஒரே நாள்.

நார்ஃபோக் கதை வகுப்பில் எப்போதும் கடைசியில்தான் வரும். 1541இல் கேதரின் ஹோவர்ட் கள்ளத்தொடர்புக் குற்றச்சாட்டில் மாட்டிக்கொண்டதும், என் குடும்பத்து இரண்டு பெண்களும் இப்படிச் செய்துவிட்டார்களே என்று அரசருக்குக் கடிதம் எழுதிப் பெரியப்பா விலகிக்கொண்டார். 1546 டிசம்பரில் அவருக்கே முறை வந்தது. மகன் சரேயும் அவரும் கைதானார்கள். அண்ணனுக்கு எதிராகச் சொந்தத் தங்கையே சாட்சி சொன்னாள். 1547 ஜனவரி 19 அன்று மகன் தலை போனது. அப்பாவுக்கு 28ஆம் தேதி என்று இருந்தது. அன்று அதிகாலையில் ஹென்றி இறந்துபோனார்.

புது அரசர் எட்வர்டுக்கு ஒன்பது வயது. ஆட்சி தாய்மாமன்களான சீமோர்கள் கைக்குப் போனது. அதில் மூத்தவர் 1549இல் சொந்தத் தம்பியின் தலையை எடுக்கச் சம்மதித்தார், 1552இல் அவர் தலையும் போனது. நார்ஃபோக் அந்த ஆறரை வருடமும் கோபுரக் கோட்டைச் சிறையிலேயே கிடந்தார். 1553இல் மேரி பட்டத்துக்கு வந்ததும் அவரை விடுவித்தார். தன் அம்மாவை அரண்மனையை விட்டு வெளியேற்றத் துணைபோன கிழவரை மேரி ஏன் விடுவித்தார் என்று போன வருடம் வகுப்பில் கேட்டேன். கத்தோலிக்க ஆதரவு, பழைய பிரபுக்களின் பலம் என்று பதில்கள் வந்தன, எல்லாம் சரியானவைதான். முன் வரிசையில் ஒரு பெண் மட்டும் நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "அப்பாவோட சித்தப்பா மேம். சின்னத் தாத்தா ஆகுது."