ஆப்புக் கத்தியும் குழிக் கத்தியும்

வீட்டில் சவரக் கத்தி வைத்து நானே முகம் வழித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தால் போதும், "எந்தக் கத்தி கூர் அதிகம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். மன்னார்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புசெட் ஷாஃப்ட்டோடு வருகிறவர் முதல் அறுவடை மெஷின்காரர் வரை இதே கேள்விதான். கூர் என்பது தீட்டுகிறவன் கையில் இருக்கிறது. ஒரு கத்தி முகத்தில் பஞ்சு மாதிரி போவதற்கும் இன்னொன்று தத்தித் தத்திப் போவதற்கும் காரணம் வேறு: கத்தியின் முதுகுக்கும் வெட்டுகிற விளிம்பான வாய்க்கும் நடுவே எவ்வளவு ஸ்டீலைச் சாணையில் குடைந்து எடுத்திருக்கிறார்கள் என்பதுதான்.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று கும்பகோணத்தில் பழைய சாமான் கடையில் கிடைத்த, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்க் கத்தி. நட்சத்திரமும் மால்டா சிலுவையும் பொறித்த ஜோசப் ராட்ஜர்ஸ் கம்பெனிக் கத்தி. கிட்டத்தட்ட ஆப்பு வடிவம். பக்கங்களில் குழிவு இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். இன்னொன்று ஸோலிங்கன். அக்கா மகன் ஜெர்மனியில் டுஸ்ஸல்டார்ஃபில் வேலை பார்க்கிறான். ஸோலிங்கன் அங்கிருந்து பக்கம். லீவில் வரும்போது கொண்டுவந்தான். 1938-லேயே அந்த ஊர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வாங்கிவிட்டார்கள், கண்டவர்களும் கத்தியில் பொறிக்க முடியாது. இது முழு ஹாலோ, அதாவது குழிக் கத்தி. இரண்டு பக்கமும் ஆழமாகக் குடைந்து, வாய்ப் பக்கம் தகடாக நிற்கும்.

குழிவு எங்கிருந்து வருகிறது? சாணைச் சக்கரத்தின் விட்டத்திலிருந்து. பெரிய சக்கரத்தில் பிடித்தால் பக்கம் ஏறக்குறைய தட்டையாக வரும். சக்கரம் சின்னதாக ஆக ஆகக் குழி ஆழமாகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதுகு 5 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை அகலம் 18 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். குழிவே இல்லாத ஆப்பு என்றால் நட்ட நடுவில் தடிமன் 2.5 மி.மீ. இரண்டடி விட்டச் சக்கரத்தில் இரண்டு பக்கமும் பிடித்தால் அது சுமார் 2.2 ஆகும். நாலங்குலச் சக்கரத்தில் பிடித்தால் 0.9-க்கு வந்துவிடும். தகட்டின் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். பட்டறைக்காரன் யாருக்கும் இது தெரியும். 2.2-க்கும் 0.9-க்கும் இடையில் விறைப்பு பதினாலு மடங்குக்கு மேல் வித்தியாசப்படுகிறது. முகத்தில் நாம் உணர்வது இந்தப் பதினாலு மடங்கைத்தான்.

ஆனால் வாயின் கோணத்தை இந்தக் குழிவு தொடுவதே இல்லை. தீட்டும்போது கத்தியைக் கல்லில் படுக்கப் போடுகிறோம். முதுகும் கல்லைத் தொடும், வாயும் தொடும். முதுகுத் தடிமனும் அகலமும்தான் கோணத்தை முடிவு செய்கின்றன. மேலே சொன்ன அளவுக்கு 16 டிகிரி வரும், ஆப்பானாலும் ஹாலோவானாலும். முதுகில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால் இரண்டு பக்கமும் சேர்த்து கால் மி.மீ. கூடும், கோணம் ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். அவ்வளவுதான். "ஹாலோ என்றால் கூர் ஜாஸ்தி" என்று விற்கிறவர்கள் சொல்வதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தீட்டுகிற பாடு மட்டும் வேறு. ஹாலோவில் கல் தொடுவது முதுகோரம் ஒரு கீற்று, வாயோரம் ஒரு கீற்று. சீக்கிரம் வேலை முடியும். அசல் ஆப்பில் பக்கம் முழுவதும் கல்லில் படும், அத்தனை ஸ்டீலையும் தேய்த்தாக வேண்டும். தோள்பட்டை கழன்றுவிடும். அதற்குத்தான் அந்த டேப். வாயோரம் மட்டும் கல்லில் படும்படி முதுகைத் தூக்கிக் கொடுக்கும்.

சரி, முகத்துக்கு வருவோம்.

ஸோலிங்கன் கத்தியின் வாயைக் கட்டைவிரல் நகத்தின் மேல் படுக்க வைத்து, வெட்டுகிற வாக்கில் இல்லாமல், மெல்ல அழுத்திப் பாருங்கள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஸ்டீல் லேசாக நெளிவது கண்ணுக்கே தெரியும். ராட்ஜர்ஸ் அசையாது. அதே நெளிவுதான் கன்னத்திலும் நடக்கிறது. தினம் வழிக்கிற முகத்தில், முடி போகும் போக்கில், ஹாலோ 'சர்ர்' என்று பேசிக்கொண்டே போகும். எந்த இடத்தில் முடி கெட்டி, எந்த இடத்தில் நுரை காய்ந்துவிட்டது, கோணம் எங்கே தப்பியது என்று சத்தமே சொல்லிவிடும். மெல்லிய தகடு முடி அறுபடும் அதிர்வை அப்படியே வாங்கி ஒலிக்கிறது. ஆப்பு ஊமை. காதை நம்பி வழிக்கிறவனுக்கு அது பிடிக்காது.

ஆனால் அறுவடை சீசனில் நாலைந்து நாள் முகத்தில் கை வைக்க நேரம் கிடைக்காது. மெஷின்கள் ராத்திரியும் பட்டறை வாசலில் நிற்கும். அப்படி முள்ளாக வளர்ந்த தாடையில் ஹாலோவை வைத்தால் மோவாய்க்குக் கீழே தத்தும். தத்துகிறதே என்று அழுத்தினால் வாய் இன்னும் நெளிந்து தோலைக் கடிக்கும். ஹாலோ அழுத்தம் பொறுக்காது. அந்த நாளில் ராட்ஜர்ஸை எடுக்கிறேன். அதன் கனமே அழுத்தம், கை வெறுமனே வழிகாட்டினால் போதும். முதுகைத் தோலிலிருந்து 30 டிகிரி அளவுக்குத் தூக்கிப் பிடித்து இறக்கினால் முடி எவ்வளவு கெட்டியானாலும் நேராகப் போகும். மூக்குக்குக் கீழே மட்டும் அந்தத் தடித்த உடம்பு இடிக்கும், மீசை ஓரம் கண்ணுக்கு மறையும். அங்கே ஹாலோவுக்குத்தான் ஜெயம்.

எங்கள் தெரு முனையில் சலூன் வைத்திருக்கிற பெரியவரிடம் இரண்டையும் காட்டினேன். கடையில் இப்போது பிளேடைப் பாதியாக ஒடித்து மாட்டுகிற கத்திதான்; ஆளுக்கு ஒரு புது பிளேடு, தொற்று பயம் இல்லை. அதில் ஆப்பா குழியா என்ற பேச்சே கிடையாது. 0.1 மி.மீ. தகட்டை ஒரு பிடி கவ்விக்கொண்டு நிற்கிறது. ஆனால் அப்பா காலத்து அடைப்பத்தை, அதாவது சவரச் சாமான் பையை, அவர் இன்னும் வைத்திருக்கிறார். ராட்ஜர்ஸைக் கையில் வாங்கி, திறந்து, மூடி, எடை பார்த்துவிட்டு, "இது மொட்டைக்கு ஆன கத்தி தம்பி. வைத்தீஸ்வரன் கோயில்ல முடியிறக்க இது இருந்தா போதும், வழுக்காது" என்றார். ஸோலிங்கனைப் பார்த்து, "இது கல்யாண மாப்பிள்ளைக்கு."

"பச்சைப் பிள்ளைக்கு முதல் மொட்டை எதுல அடிப்பீங்க அண்ணே?"

"எதுலயும் அடிப்பேன். பிள்ளை தலையை ஆட்டாம தாய்மாமன் பிடிச்சுக்கிட்டாச் சரி."

நம் ஊர்த் தண்ணீருக்கு ஒரு வார்த்தை. கொள்ளிடம் குடிநீர்க் குழாயில் வருவதில் சோப்பு நன்றாக நுரைக்கும். கடலோரம் போகப் போக போர்த் தண்ணீர் உப்பு, நுரை நிற்காது. நுரை சரியில்லை என்றால் முதலில் தடுமாறுவது ஹாலோதான். ஐப்பசி மழையில் இரண்டுக்கும் துரு ஏறும், கார்பன் ஸ்டீல் அல்லவா. ஆப்பில் ஒரு புள்ளி துரு விழுந்தால் தேய்த்துவிடலாம். ஹாலோவில் அந்தத் தகட்டோரத்தில் புள்ளி விழுந்தால் வாய் பொரிந்து போகும். துடைத்து, காற்றில் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி தடவித்தான் மடக்குகிறேன்.

அக்கா மகன் போன வாரம் போனில், "மாமா, எனக்கு ஒண்ணு வாங்கணும், எதை வாங்க?" என்றான். அரை ஹாலோ, அதாவது குழிவு பாதி ஆழத்துக்கு இருப்பது, வாங்கு என்றேன். தத்தாத அளவுக்கு விறைப்பு, காதில் விழுகிற அளவுக்குச் சத்தம், தீட்டவும் இடுப்பு ஒடியாது. முழு ஹாலோவின் 'சர்ர்' சத்தத்தில் பாதிதான் கேட்கும், அதற்கென்ன.

இன்னொரு ஆள், என் பட்டறைக்கு வருகிறவர், தாத்தாவின் ஆப்புக் கத்தியைக் கொண்டுவந்து பெஞ்ச் கிரைண்டரில் பிடித்து ஹாலோவாக்கித் தரச் சொல்கிறார். வாயோரம் மெல்லிசாக ஆன பிறகு ஒரு நொடி கூடுதலாகச் சக்கரத்தில் நின்றாலும் ஸ்டீல் நீலமாகிவிடும். நீலம் என்றால் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, பதம் போச்சு. அப்புறம் எந்தக் கல்லில் தீட்டினாலும் வாய் நிற்காது. தண்ணீர் ஊற்றி ஓட்டுகிற கல் வேண்டும், அதில் பழகிய கை வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. கத்தியைத் துடைத்து எண்ணெய் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.