கும்மாயத் துடுப்பு விற்று வாட்டர் பெட் வாங்குகிறோம்

செட்டிநாட்டில் எங்கள் ஊரில் வீடுகள் பெரிசு, உள்ளே இருப்பதோ வயதான ஒருவரோ இருவரோதான். அதில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு, தண்ணீர் நிரப்பிய மெத்தையான வாட்டர் பெட்டும் டயப்பரும் வாங்கித் தரத்தான் நாங்கள் சிலர் மரக்கரண்டி செதுக்க உட்கார்ந்தோம். நன்கொடை கேட்டால் ஒரு தடவை கொடுப்பார்கள், ஆனால் டயப்பர் மாதா மாதம் வேண்டும், படுத்தே கிடந்து முதுகில் புண் வந்துவிட்டால் ஆற்றுவது பெரும்பாடு.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இடித்த வீட்டுத் தேக்கு கிடைக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் பழைய வார்னிஷும் பெயின்ட்டும் ஊறின மரத்தைச் சாப்பாட்டில் வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. பூவரசுதான் எடுத்தோம். வெட்டிய ஈரம் போவதற்குள் செதுக்க வேண்டும், காய்ந்துவிட்டால் உளி இறங்காது. கிளையை நெடுக்காகப் பிளந்து நட்டநடுப் பகுதியை ஒதுக்கிவிடுங்கள், அது இருந்தால் காயும்போது வெடிக்கும். வாச்சி என்கிற கைக்கோடாலியால் செதுக்கி உருவம் வந்ததும் குழியை வளைந்த வாயுள்ள உளியால் இரண்டு முனையிலிருந்தும் நடுவைப் பார்த்துத் தோண்டுங்கள். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் எதிர்முனையில் நார் பிய்ந்துகொண்டு வரும். அப்புறம் சீவலோடு சேர்த்துச் சாக்கில் கட்டி நிழலில் போட்டு மெதுவாகக் காயவிட்டு, உப்புத்தாள் தேய்த்து எண்ணெய் தடவினால் ஆயிற்று.

முதலில் செய்தவற்றைப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் காட்டினோம். கையில் வாங்கி, காலிச் சட்டியில் விட்டுக் கிண்டிப் பார்த்தார். “குழம்புக்கு ஆகும்ப்பா, கும்மாயத்துக்கு ஆகாது. முனை தட்டையா, ஒரு பக்கம் சாய்வா இருக்கணும், அப்பத்தான் அடிப்பிடிக்காம வழிச்சுக் கிண்டலாம்” என்றார். கும்மாயம் என்பது ஆடியில் எங்கள் பக்கம் கிண்டும் உளுந்து மாவு இனிப்பு. ஆச்சி சொன்னபடி முனை தட்டையாகச் செய்த கரண்டி, அந்தத் துடுப்புதான் வேகமாகப் போனது, ஆடிக்கு முன்னால் கேட்டு வந்தார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீர்ச் சாமான்களோடு பரப்பி வைக்க என்று ஒரு வீட்டில் மொத்தமாக எடுத்தார்கள். சமைக்கிறவரைக் கேட்டுச் செய்யுங்கள், தர்மத்துக்கு என்று சொல்லி விற்க வேண்டியதே இல்லை.

பணத்தை யார் கையிலும் வைப்பதில்லை. மருந்துக்கடைக் கணக்கிலேயே நேராகப் போட்டுவிடுகிறோம், வாங்கினவர் கேட்டால் பில்லைக் காட்டுகிறோம்.

இப்போது குறைவது மரம்தான். சுற்றுவட்டாரத்தில் பூவரசங்கிளை கழிக்கிறவர்கள் அடுப்புக்குப் போடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அன்றைக்கே வண்டி கொண்டு வந்து எடுத்துக்கொள்கிறோம்.